இருப்புப் பாதையும் எழுத்துப் பாதையும்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – கணிதம், தமிழ்வழி)

முன்னுரை

சென்ற ஆண்டு ஒரு நாள் எங்கள் கணிதப் பேராசிரியர் விடுப்பில் இருந்தமையால், வரலாற்றுத் துறைப் பேராசிரியர் ஒருவர் எங்கள் வகுப்பிற்கு வந்தார். வந்தவர், “இந்தியாவில் இரயில் போட்டது யார்?” என்று கேட்டார். “வெள்ளைக்காரன்” என்று வகுப்பே ஒரு குரலில் பதில் சொன்னது. அவர் சிரித்துக்கொண்டே, “சரி, யார் பணத்தில்?” என்று அடுத்த கேள்வியைப் போட்டார். வகுப்பில் பேச்சு மூச்சில்லை. அந்தக் கேள்விக்கு விடை தேடிப் போனதன் விளைவே இக்கட்டுரை.

எனக்கும் இரயிலுக்கும் உள்ள உறவு சிறிதன்று. நான் நாள்தோறும் மின்சார இரயிலில் கல்லூரிக்கு வருகிறேன். என் தந்தையார் மாம்பலம் இரயில் நிலையத்தை ஒட்டிய இரங்கநாதன் தெருவில் துணி மூட்டை சுமக்கிறவர். “வண்டி ஓடலேன்னா தெருவுல ஜனம் இல்ல, ஜனம் இல்லேன்னா நமக்கு மூட்டை இல்ல” என்பது அவர் அடிக்கடி சொல்லும் பொருளாதாரம். தியாகராய நகர் என்னும் குடியிருப்பு உருவானதே 1920களில்தான். இருப்புப் பாதையோ அதற்கு முன்பே அங்கு இருந்தது. கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார வண்டிகள் ஓடத் தொடங்கிய ஆண்டு 1931. ஆகவே எங்கள் வீட்டு அடுப்பு எரிவதற்கே இருப்புப் பாதை ஒரு காரணம் என்றால் அது மிகையாகாது.

அத்தகைய இருப்புப் பாதையை இந்தியாவிற்குக் கொண்டுவர முனைந்து நின்ற முதல் இந்தியர்களில் ஒருவரின் வரலாற்றை இங்கே சுருக்கமாகக் காண்போம். அவர் சென்னைக்காரர் அல்லர், பம்பாய்க்காரர். பெயர் ஜகந்நாத் சங்கர்சேட். மக்கள் அன்புடன் அழைத்த பெயர் ‘நானா’.

இரும்புக் குதிரையின் காலம்

நானாவின் பெருமையை உணர வேண்டுமானால் அவர் வாழ்ந்த காலத்தை முதலில் அறிய வேண்டும். இங்கிலாந்தில் ஸ்டாக்டன் – டார்லிங்டன் பாதை 1825-லும், லிவர்பூல் – மான்செஸ்டர் பாதை 1830-லும் திறக்கப்பட்டன. அடுத்த பதினைந்து ஆண்டுகளில் இங்கிலாந்து மக்களை ‘இரயில்வே பைத்தியம்’ பிடித்து ஆட்டியது. கையில் காசுள்ளவர்கள் எல்லாம் இரயில்வே பங்குகளை வாங்கிக் குவித்தனர். ஜார்ஜ் ஹட்சன் என்பவர் ‘இரயில்வே அரசர்’ என்றே அழைக்கப்பட்டார். பின்னர் கணக்கைப் புரட்டிப் பார்த்தபோதுதான், மூலதனத்தையே எடுத்து இலாபம் என்று பங்குதாரர்களுக்குக் கொடுத்து வந்தது தெரிந்தது. 1849-ல் அவருடைய செல்வாக்கு சரிந்தது.

நம் சென்னையும் பின்தங்கியிருக்கவில்லை. 1837-லேயே செங்குன்றத்திலிருந்து சாலை போடுவதற்கான கல்லை ஏற்றிவர ஒரு சிறு இருப்புப் பாதை போடப்பட்டது. அதில் முன்னின்றவர், பின்னாளில் கல்லணையிலும் கோதாவரியிலும் நீர்ப்பாசனப் பணிகளால் புகழ்பெற்ற ஆர்தர் காட்டன் ஆவார். ஆனால் அது கல் சுமக்கப் பிறந்த பாதை. மனிதரை ஏற்றிச் செல்லும் பாதை நம் நாட்டிற்கு வர மேலும் பதினாறு ஆண்டுகள் ஆயின.

பிறப்பும் தொழிலும்

ஜகந்நாத் சங்கர்சேட் 1803-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 10-ஆம் நாள், தாணா மாவட்டத்திலுள்ள முர்பாடு என்னும் ஊரில் பிறந்தார். பொற்கொல்லர் மரபிலே வந்து வணிகத்தில் உயர்ந்த குடும்பம் அது. 1822-ல் தந்தையார் மறைந்தபோது நானாவுக்கு வயது பத்தொன்பது. இன்று நம் வகுப்பில் அமர்ந்திருக்கும் மாணவர்களின் வயது! அந்த வயதில் பெரிய வணிக நிறுவனம் ஒன்றின் முழுப் பொறுப்பும் அவர் தோளில் விழுந்தது.

அவருடைய தொழிலின் அச்சாணி எது? பணம் அன்று, நம்பிக்கையே. பம்பாய்த் துறைமுகத்துக்கு வந்த அரேபிய, ஆப்கானிய வணிகர்கள் தங்கள் செல்வத்தை வங்கியில் போடுவதைவிட நானாவின் கையில் ஒப்படைப்பதையே பாதுகாப்பு என்று கருதினார்கள் என்பது வரலாறு. பத்திரத்தைவிட மனிதனுடைய சொல் பெரிதாக மதிக்கப்பட்ட காலம் அது. இந்த நற்பெயரே பின்னாளில் இருப்புப் பாதைக்கு அவர் கொடுத்த பெரிய மூலதனம் ஆயிற்று.

1845: இந்திய இரயில்வே சங்கம்

1840களில் பம்பாயின் வணிகர்களுக்கு ஒரு பெருங்குறை இருந்தது. தக்காணத்துப் பருத்தி மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டித் துறைமுகத்துக்கு வர வேண்டும். மாட்டு வண்டியிலும் பொதி மாடுகளின் முதுகிலும் வாரக்கணக்கில் வந்த பருத்தி, மழையிலும் புழுதியிலும் பாழாயிற்று. இதற்கு ஒரே மருந்து இருப்புப் பாதை என்று நானா உணர்ந்தார்.

1845-ல் அவரும் சர் ஜம்ஷெட்ஜி ஜீஜீபாயும் சேர்ந்து ‘இந்திய இரயில்வே சங்கம்’ என்ற அமைப்பை உருவாக்கினார்கள். ஜீஜீபாய் இளமையிலேயே பெற்றோரை இழந்து, வறுமையிலிருந்து எழுந்தவர். சீன வணிகத்தில் பெரும்பொருள் ஈட்டியவர். அந்த வணிகத்தில் பருத்தியோடு அபினியும் இருந்தது என்பதையும் நாம் மறைத்தலாகாது. பம்பாயின் நீதிபதியாக இருந்த சர் எர்ஸ்கின் பெர்ரியும் இம்முயற்சிக்குத் துணை நின்றார். ஏறக்குறைய அதே காலத்தில் கல்கத்தாவில் துவாரகநாத் தாகூர் இராணிகஞ்சு நிலக்கரிச் சுரங்கத்தை மனத்திற்கொண்டு இருப்புப் பாதைத் திட்டம் ஒன்றில் முனைந்திருந்தார். ஆனால் 1846-ல் இலண்டன் மாநகரில் அவர் காலமானார்.

இதே வேளையில் இலண்டனில் ‘கிரேட் இந்தியன் பெனின்சுலா ரயில்வே கம்பெனி’ தோன்றியது. சுருக்கமாக ஜி.ஐ.பி. என்பர். அதற்கு அடித்தளம் இட்டவர் ஜான் சாப்மன் என்னும் ஆங்கிலேயர். பம்பாய்ச் சங்கம் இக்கம்பெனியோடு இணைந்தது. இயக்குநர் பதின்மரில் இந்தியர் இருவர்: ஒருவர் ஜீஜீபாய், மற்றொருவர் சங்கர்சேட். கிர்காமிலிருந்த தம் மாளிகையின் ஒரு பகுதியையே கம்பெனியின் முதல் அலுவலகத்துக்கு நானா விட்டுக்கொடுத்தார் என்றும் சொல்லப்படுகிறது.

ஜாமீன் என்றால் என்ன?

இனித்தான் நம் பேராசிரியரின் கேள்விக்கு வருகிறோம். யார் பணம்?

இதை விளக்க என் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் கல்லூரியில் சேர்ந்தபோது புத்தகத்துக்கும் உடுப்புக்கும் பிற செலவுகளுக்குமாக என் தாயார் ஐயாயிரம் ரூபாய் வட்டிக்குக் கேட்டார். கொடுப்பவர், “ஜாமீன் யாரு?” என்றார். எதிர் வீட்டில் இட்டிலிக் கடை வைத்திருக்கும் பெரியம்மா, “நான் நிக்கிறேன். புள்ள படிக்கட்டும்” என்றார். பணம் கிடைத்தது. நாங்கள் கட்டத் தவறினால் பெரியம்மா கட்ட வேண்டும். அதுதான் ஜாமீன்.

1849 ஆகஸ்டில் கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் ஜி.ஐ.பி. கம்பெனிக்கும் ஏற்பட்ட உடன்படிக்கையும் இத்தகையதே. அதன் சாரம் இது:

முதலாவது, பாதைக்கு வேண்டிய நிலத்தை அரசே இலவசமாகக் கொடுக்கும்.

இரண்டாவது, பங்குதாரர்கள் போட்ட மூலதனத்துக்கு ஆண்டுதோறும் நூற்றுக்கு ஐந்து வட்டி உறுதி. வண்டி ஓட்டி அவ்வளவு வருமானம் வராவிட்டால், குறையும் தொகையை இந்திய வரிப் பணத்திலிருந்து அரசு கட்டும்.

மூன்றாவது, ஐந்துக்கு மேல் இலாபம் வந்தால் அந்த மிகுதியை அரசும் கம்பெனியும் பகிர்ந்துகொள்ளும்.

கணித மாணவன் என்ற முறையில் ஒரு சிறு கணக்கு. முதலில் அனுமதிக்கப்பட்ட மூலதனம் 5,00,000 பவுன். நூற்றுக்கு ஐந்து என்றால் ஆண்டுக்கு 25,000 பவுன். அக்காலத்தில் ஒரு பவுன் ஏறத்தாழப் பத்து ரூபாய். ஆகவே இரண்டரை லட்சம் ரூபாய். வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் இலண்டனுக்குப் போய்ச்சேர வேண்டிய தொகை இது.

இங்கேதான் ஒரு சிக்கல். நட்டத்துக்கு அஞ்ச வேண்டாதவன் செலவுக்கும் அஞ்ச மாட்டான். ஒரு மைல் பாதைக்கு 8,000 பவுன் ஆகலாம் என்று டல்ஹௌசி பிரபு மதிப்பிட்டிருந்தார். ஆனால் 1860களின் இறுதியில் கணக்குப் பார்த்தால் இந்தியப் பாதைகளுக்குச் சராசரியாக மைலுக்கு ஏறத்தாழ 18,000 பவுன் ஆகியிருந்தது. மிகையான 10,000 பவுனுக்கும் ஐந்து விழுக்காடு வட்டி உண்டு. அதாவது ஒவ்வொரு மைலுக்கும் ஆண்டுக்கு 500 பவுன், ஏறத்தாழ ஐயாயிரம் ரூபாய், கூடுதல் சுமை. இந்தியாவின் நிதி உறுப்பினராக இருந்த மாஸ்ஸி என்பவரே 1872-ல் பாராளுமன்றக் குழுவின் முன் இதை ஒப்புக்கொண்டார். வட்டி உறுதியாகிவிட்ட ஆங்கிலேய முதலாளிக்குத் தன் பணம் செங்கல்லும் சுண்ணாம்புமாக ஆனால் என்ன, ஊக்ளி நதியில் எறியப்பட்டால் என்ன என்ற மனநிலைதான் இருந்தது என்பது அவர் கூற்றின் கருத்து.

பங்குகளில் இந்தியர் வைத்திருந்தது மிகச் சொற்பம்; நூற்றில் ஒரு பங்கு அளவே. ஆக, பணம் இலண்டனுடையது. ஆபத்து இந்தியக் குடியானவனுடையது. எங்கள் எதிர் வீட்டுப் பெரியம்மா தாமாக முன்வந்து ஜாமீன் நின்றார். இந்தியக் குடியானவனையோ யாரும் கேட்கவே இல்லை. அவன் ஜாமீன் நின்றது அவனுக்கே தெரியாது.

1853 ஏப்ரல் 16

இந்தியாவின் முதல் பயணி இரயில் 1853 ஏப்ரல் 16-ஆம் நாள் சனிக்கிழமை பிற்பகலில் பம்பாய் போரிபந்தரிலிருந்து தாணாவிற்குப் புறப்பட்டது. பதினான்கு பெட்டிகள்; ஏறத்தாழ நானூறு விருந்தினர்; சாகிப், சிந்து, சுல்தான் என்னும் மூன்று எஞ்சின்கள்; இருபத்தொரு குண்டு முழக்கம். தூரம் 21 மைல், அதாவது 34 கிலோமீட்டர். நம் கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் வரை செல்லும் தூரத்தைவிடச் சற்றே மிகுதி.

அந்த நானூறு பேரில் ஐம்பது வயதான சங்கர்சேட்டும் ஒருவர். 1845-ல் கண்ட கனவு எட்டாண்டுகளில் சக்கரம் கட்டிக்கொண்டு ஓடியது. ஆயின் அந்த எட்டாண்டுகளுக்குள் கம்பெனியின் கடிவாளம் முழுவதும் இலண்டன் சென்றுவிட்டது. முயற்சியில் பம்பாய்க்குப் பங்கு உண்டு. உடைமையில் ஏறக்குறைய இல்லை. இதுவே அவருடைய இரயில்வே வாழ்வின் பெருமையும் துயரமும் ஆகும்.

மலையைக் குடைந்தவர்கள்

இயக்குநர்களைப் பேசும்போது கூலிகளை மறந்துவிடக் கூடாது. தாணாவரை போன பாதை தக்காணத்தை எட்ட வேண்டுமானால் போர்க் கணவாயில் மலையேற வேண்டும். 1856-ல் தொடங்கிய வேலை 1863-ல் முடிந்தது. ஏறத்தாழப் பதினாறு மைலில் 1,800 அடிக்கு மேல் ஏற்றம், இருபத்தைந்து சுரங்கங்கள். வேலை மும்முரமாக நடந்தபோது 40,000க்கும் மேற்பட்டவர்கள் அங்கே உழைத்தார்கள். காலராவுக்கும் காய்ச்சலுக்கும் வெடி விபத்துக்கும் ஆயிரக்கணக்கானோர் இரையானார்கள். ஒப்பந்தக்காரரான சாலமன் டிரெட்வெல் 1859-ல் இந்தியாவுக்கு வந்து சில வாரங்களிலேயே நோயுற்று இறந்தார். அவர் மனைவி ஆலிஸ் டிரெட்வெல் ஒப்பந்தத்தை ஏற்று வேலையை முடிக்கச் செய்தார். அவர்கள் பெயர் நமக்குத் தெரிகிறது. மண் சுமந்தவர்களின் பெயர் ஒன்றுகூட நமக்குக் கிடைக்கவில்லை. மூட்டை சுமப்பவரின் மகனாகிய எனக்கு இவ்விடத்தைப் படிக்கும்போது மனம் கனத்தது.

நம் சென்னையில்

சென்னைக்கு இரயில் வந்த வரலாறும் இதைப் போன்றதே. மதராஸ் இரயில்வே கம்பெனியும் இலண்டனில் அமைந்தது. அதே ஜாமீன் முறை. 1853-ல் வேலை தொடங்கி, 1856 ஜூலை முதல் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் பாதை மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அந்த இராயபுரம் நிலையக் கட்டடம் இன்றும் நிற்கிறது. அருகில் இருந்தும் நம்மில் பலர் அதைப் பார்த்ததில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவர வேண்டும்.

பம்பாயில் சங்கர்சேட் இருந்தது போலச் சென்னையில் ஒரு பெருந்தகை இருந்தார். அவர் கஜுலு இலட்சுமி நரசு செட்டியார். அவுரியிலும் துணியிலும் வணிகம் செய்து பொருளீட்டியவர். 1844-ல் ‘கிரசெண்ட்’ என்னும் பத்திரிகையை நடத்தத் தொடங்கினார். 1852-ல் நானாவும் நண்பர்களும் ‘பம்பாய்ச் சங்கம்’ கண்டார்கள். அதே 1852-ல் செட்டியார் ‘சென்னைச் சுதேசிகள் சங்கம்’ கண்டார். நிலவரி வசூலிக்கும்போது குடியானவர்களைச் சித்திரவதை செய்கிறார்கள் என்று அச்சங்கம் குரல் எழுப்பியது. அதன் பயனாக விசாரணைக் குழு அமைந்தது. சித்திரவதை உண்மைதான் என்று 1855-ல் அக்குழு அறிக்கை கொடுத்தது.

இந்த இரண்டு செய்திகளையும் சேர்த்துப் படித்துப் பாருங்கள். 1853 முதல் 1856 வரை இராயபுரத்தில் தண்டவாளம் போடப்படுகிறது. அதற்கு வட்டி உறுதி வரிப் பணத்தில். அதே ஆண்டுகளில் அந்த வரி எப்படி வசூலாகிறது என்பதை ஓர் அரசுக் குழுவே எழுதி வைக்கிறது. “யார் பணத்தில்?” என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை வேண்டுமோ? இலட்சுமி நரசு செட்டியார் பொதுக் காரியங்களுக்கே தம் செல்வத்தைச் செலவிட்டு, 1868-ல் வறியவராக இறந்தார்.

எழுத்துப் பாதை

சங்கர்சேட் போட்ட முதலீடுகளில் இருப்புப் பாதை ஒன்று. மற்றொன்று கல்வி. இரண்டாவது முதலீடு முதலாவதைவிட இருபது ஆண்டுகள் மூத்தது.

1820களிலேயே பம்பாயின் சுதேசிக் கல்விச் சங்கத்தில் அவர் உழைத்தார். கவர்னர் எல்பின்ஸ்டனின் பெயரால் உயர்கல்வி நிலையம் ஏற்படப் பாடுபட்டவர்களுள் அவரும் ஒருவர். 1840-ல் கல்வி வாரியம் அமைந்தபோது அதில் உறுப்பினரானார், பல்லாண்டுகள் பணியாற்றினார். பெண்களுக்குப் பள்ளி என்றாலே ஊர் சிரித்த காலத்தில், 1849-ஐ ஒட்டிப் பெண்கள் பள்ளி நடத்தத் தம் வீட்டிலேயே இடம் கொடுத்தார்.

நம்மைப் போன்ற தமிழ்வழி மாணவர்கள் மறக்கக் கூடாத நிகழ்ச்சி ஒன்று உண்டு. கல்வி வாரியத்தின் தலைவராக இருந்தவர் இரயில்வே முயற்சிக்குத் துணை நின்ற அதே எர்ஸ்கின் பெர்ரி. ‘இனி ஆங்கிலத்திலேயே கற்பிக்க வேண்டும்’ என்பது அவர் கொள்கை. 1847-ல் சங்கர்சேட் இதை எதிர்த்தார். ஆங்கிலத்தை அவர் வெறுக்கவில்லை; அதில் நல்ல புலமை உடையவர். ஆனால் கோடிக்கணக்கான மக்களுக்கு அறிவு சென்று சேர வேண்டுமானால் அது தாய்மொழி வழியாகவே முடியும். ஆங்கிலம் சிலரை மட்டும் உயர்த்தும் என்று வாதாடினார். வாரியத்தில் இருந்த மற்ற இந்திய உறுப்பினர்களும் அவர் பக்கம் நின்றார்கள். இரயிலில் நண்பர், மொழியில் எதிரணி! வாதம் முழு வெற்றி பெறவில்லை. தொடக்கக் கல்வி தாய்மொழியிலும் உயர்கல்வி ஆங்கிலத்திலும் என்று நிலைமை முடிந்தது. அறிவியலைத் தாய்மொழியில் படிக்கும் நாம், அவர் அன்று எடுத்து வைத்த வாதத்தின் வாரிசுகள் என்று சொல்லிக்கொள்ளலாம்.

இந்த எழுத்துப் பாதையில் பயணம் செய்த ஒரு மாணவரைப் பார்ப்போம். 1825-ல் பிறந்தவர், நான்கு வயதில் தந்தையை இழந்தவர், ஏழைப் பூசாரிக் குடும்பம். சுதேசிக் கல்விச் சங்கத்தின் பள்ளியில் கட்டணம் இல்லாததால் படித்தார். எல்பின்ஸ்டன் நிலையத்தில் தேறினார். 1850களில் அங்கேயே கணிதப் பேராசிரியர் ஆனார். அப்பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவரே. அவர்தாம் தாதாபாய் நௌரோஜி.

அந்தக் கணிதப் பேராசிரியர் பின்னாளில் ஒரு பெருங்கணக்குப் போட்டார். இந்தியாவின் செல்வம் ஆண்டுதோறும் எவ்வாறு இங்கிலாந்துக்கு வடிந்து போகிறது என்ற கணக்கு அது. அதில் இரயில்வே மூலதனத்தின் வட்டியும் ஒரு முக்கியமான புள்ளி. 1901-ல் அவர் அதை நூலாகவும் வெளியிட்டார். எண்ணிப் பாருங்கள்! சங்கர்சேட் தொடங்கிவைத்த இருப்புப் பாதையின் கணக்கில் இருந்த கோளாற்றை, சங்கர்சேட் பாடுபட்டு வளர்த்த பள்ளியின் மாணவர் கண்டுபிடித்து உலகுக்குச் சொன்னார். ஒரு மனிதனின் முதலீடு ஒன்று தவறிய இடத்தை இன்னொன்று திருத்தியது.

இறுதி நாட்கள்

1857-ல் நாட்டில் கிளர்ச்சி எழுந்தபோது ஆங்கிலேயரின் ஐயம் சங்கர்சேட்டின் மீதும் விழுந்தது. சான்று ஏதும் கிடைக்காமையால் விடுவிக்கப்பட்டார். கம்பெனி இயக்குநராக இருந்தும், அரசுக்குப் பல வகையில் உதவியும், ஓர் இந்தியனுக்குக் கிடைத்த நம்பிக்கை அவ்வளவுதான். பின்னர் 1862-ல் பம்பாய்ச் சட்டமன்றத்தின் உறுப்பினராகவும் ஆனார்.

அப்போது அமெரிக்காவில் உள்நாட்டுப் போர். அங்கிருந்து பருத்தி வராததால் இந்தியப் பருத்தியின் விலை வானளாவ உயர்ந்தது. இருப்புப் பாதை வழியே வந்த பருத்தி, பம்பாயில் பொன்னாகக் கொட்டியது. பிரேம்சந்த் ராய்சந்த் என்பவர் பங்குச் சந்தையின் முடிசூடா மன்னர் ஆனார். 1865-ல் போர் முடிந்தது, விலை சரிந்தது, ஜூலை முதல் நாள் தவணை வந்தபோது பம்பாயின் பெரும்புள்ளிகள் பலர் ஒரே நாளில் கடன்காரர் ஆனார்கள். அதே ஜூலைத் திங்கள் 31-ஆம் நாள் சங்கர்சேட் காலமானார்.

அவர் நினைவாக ஏற்பட்ட ஜகந்நாத் சங்கர்சேட் சமஸ்கிருத உதவித்தொகை, பம்பாய்ப் பல்கலைக்கழக மெட்ரிகுலேஷன் தேர்வில் சிறந்தவர்களுக்கு அளிக்கப்பட்டது. 1912-ல் அதைப் பெற்ற மாணவர் சிந்தாமணி தேஷ்முக்; ரிசர்வ் வங்கியின் முதல் இந்திய ஆளுநராக உயர்ந்தவர். ஜி.ஐ.பி. இரயில்வே 1900-ல் அரசின் உடைமையாகி, 1925-ல் நிர்வாகமும் அரசிடம் வந்து, 1951-ல் மத்திய இரயில்வேயின் பகுதி ஆயிற்று. நம் தென்னக இரயில்வே பிறந்ததும் அதே 1951-ல்தான். 2024 மார்ச்சில் மும்பை சென்ட்ரல் நிலையத்துக்குச் சங்கர்சேட்டின் பெயரைச் சூட்ட மகாராஷ்டிர அமைச்சரவை ஒப்புதல் அளித்தது.

முடிவுரை

திருவள்ளுவர் ‘பொருள் செயல்வகை’ என்று ஓர் அதிகாரம் செய்தார். ‘ஒப்புரவறிதல்’ என்றும் ஓர் அதிகாரம் செய்தார். பொருளைச் சேர்க்கவும் தெரிய வேண்டும், ஊருக்குப் பயன்படுத்தவும் தெரிய வேண்டும். நானா இரண்டும் தெரிந்தவர். அவரைக் குறையே இல்லாதவர் என்று நான் எழுதவில்லை. குடியானவனின் தலையில் வட்டியை ஏற்றிய ஓர் அமைப்பில் அவரும் இயக்குநராக இருந்தார். ஆனால் அந்த அமைப்பைக் கேள்வி கேட்கும் தலைமுறையையும் அவரே படிக்க வைத்தார்.

தாதாபாய் நௌரோஜி தம் இளமையைப் பற்றிச் சொல்லும்போது, தாம் ஏழைகளின் செலவில் படித்தவர் என்பதையும், தாமும் அந்த ஏழைகளில் ஒருவரே என்பதையும் உணர்ந்த நாளிலிருந்து பொதுப்பணியே தம் கடமை ஆயிற்று என்ற கருத்தைக் கூறியிருக்கிறார். மாணவ நண்பர்களே, நாம் படிப்பதும் அரசுக் கல்லூரி. நாம் கட்டும் கட்டணம் மிகச் சிறிது. இக்கட்டடத்துக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் நம் பேராசிரியப் பெருமக்களின் ஊதியத்துக்கும் பணம் எங்கிருந்து வருகிறது? தீப்பெட்டி வாங்கும் பாட்டியும், இரங்கநாதன் தெருவில் மூட்டை சுமக்கும் என் தந்தையாரும், இட்டிலிக் கடைப் பெரியம்மாவும் கட்டும் வரியிலிருந்து வருகிறது. அவர்கள் நம் படிப்புக்கு ஜாமீன் நிற்கிறார்கள். கையெழுத்துப் போடாத ஜாமீன்.

இலண்டன் பங்குதாரர்களுக்கு நூற்றுக்கு ஐந்து உறுதி என்று எழுதிக் கொடுத்தார்கள். நம் ஜாமீன்தாரர்களுக்கு நாம் எதையும் எழுதிக் கொடுக்கவில்லை. அதனாலேயே நம் கடன் தீர்ந்துவிடாது. எங்கள் வீட்டு ஐயாயிரம் ரூபாயில் இன்னும் எண்ணூறு பாக்கி இருக்கிறது. அதை என் தாயார் அடுத்த தைக்குள் கட்டிவிடுவார். மற்றக் கடனை நான்தான் கட்ட வேண்டும். பட்டம் பெற்ற பின், என் தெருவில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்கு மாலை வேளையில் கணக்குச் சொல்லிக் கொடுப்பதில் அதைத் தொடங்கலாம் என்று எண்ணியிருக்கிறேன்.

வாழ்க நானாவின் புகழ்! வளர்க தாய்மொழிக் கல்வி!